பேட்டர்ஸீ மின்நிலையம்: மூடியபின் திறக்க 39 ஆண்டுகள் ஏன் ஆயின?

கேள்வி இதுதான். லண்டனில் தேம்ஸ் கரையில் இரண்டு பழைய மின்நிலையங்கள். இரண்டுக்கும் செங்கல் முகம் கொடுத்தவர் ஒரே கட்டடக் கலைஞர், ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். பேங்க்சைட் 1981இல் நின்றது. 2000 மே மாதம் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடமாகத் திறந்தது. பேட்டர்ஸீ 1983இல் நின்றது. பொதுமக்கள் உள்ளே போக 2022 அக்டோபர் ஆனது. ஒன்றுக்கு 19 ஆண்டு, மற்றதற்கு 39. நிலத்தை வாங்கி விற்றவர்கள் செய்த வேலையா, கட்டடத்திலேயே சிக்கலா?

இரண்டும்தான். ஆனால் ஒரே காரணம் சொல் என்றால், தயங்காமல் இதைச் சொல்லலாம்: 1980களின் கடைசியில், வேலையை முடிக்கும் அளவுக்குப் பணம் கையில் சேரும் முன்பே கூரையைக் கழற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் வாங்கியது ஒரு கட்டடத்தை அல்ல. மழையில் நின்று துருப்பிடிக்கும் ஒரு இரும்புக் கூட்டை.

எது நின்றது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் நாலு புகைபோக்கி வைத்த ஒரே கட்டடம். உண்மையில் அது முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு நிலையங்கள். மேற்குப் பாதியான 'ஏ' நிலையம் 1929இல் தொடங்கி 1935இல் முடிந்தது. பல ஆண்டுகள் இரண்டே புகைபோக்கிகளுடன், பாதிக் கட்டடம் போலவே நின்றது. கிழக்குப் பாதியான 'பி' நிலையத்தின் வேலை 1937இல் ஆரம்பித்தது. நடுவில் உலகப் போர் வந்ததால் நாலாவது புகைபோக்கியோடு முழுமை பெற்றது 1955இல். நடுவே இரண்டு கொதிகலன் கூடங்கள், அவற்றின் இரு பக்கமும் நீளமான டர்பைன் கூடங்கள், அதற்கும் வெளியே சுவிட்ச் அறைகள். மொத்த அளவு ஏறக்குறைய 160 மீட்டருக்கு 170 மீட்டர். இரும்புச் சட்டகம்தான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் அதன் மேல் போர்த்திய சட்டை. பொறியியல் தலைமை லியோனார்ட் பியர்ஸ், உள் வடிவமைப்பில் தியோ ஹாலிடே. ஸ்காட் பின்னால் வந்து சேர்ந்தவர்; 'இவ்வளவு பெரிய அசிங்கத்தை நகர நடுவில் வைக்கப்போகிறார்களா' என்ற எதிர்ப்பைச் சமாளிக்கத்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

எதிர்ப்பு அழகைப் பற்றி மட்டுமல்ல, புகையைப் பற்றியும். ஆற்றின் மறுகரையில் நாடாளுமன்றமும் பழைய டேட் ஓவியக் கூடமும் (இன்றைய டேட் பிரிட்டன்) இருந்தன. கந்தகப் புகை கல்லையும் ஓவியங்களையும் அரித்துவிடும் என்று பயந்தார்கள். அதனால் புகையைக் கழுவித்தான் வெளியே விட வேண்டும் என்று நிபந்தனை வந்தது. புகைபோக்கிகளுக்குக் கீழே தெரியும் அந்தப் பெரிய செங்கல் கோபுரங்கள் அலங்காரம் அல்ல, புகையைக் கழுவும் அறைகள். தேம்ஸ் நீரும் சுண்ணக்கட்டிக் கரைசலும் பீய்ச்சிக் கந்தகத்தின் பெரும்பகுதியைப் பிரித்தெடுத்தார்கள். இதில் இரண்டு கோளாறு. கழுவிய நீர் திரும்பவும் ஆற்றுக்கே போனது. கழுவியதில் புகை குளிர்ந்து போனதால் மேலே எழும்பாமல் பக்கத்திலேயே இறங்கியது. இதை ஞாபகத்தில் வையுங்கள்: ஈரமும் அமிலமும் கலந்த குளிர்ந்த புகை பல்லாண்டுகள் அந்தக் கான்கிரீட் குழாய்களுக்குள் போயிருக்கிறது. 2005க்குப் பிறகு நடந்த புகைபோக்கிச் சண்டையின் வேர் இங்கேதான்.

நல்ல நாளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி எரித்த நிலையம் இது. பாலங்களுக்கு அடியில் நுழைந்து வர, புகைக்குழாயை மடக்கக்கூடிய தட்டையான கப்பல்கள் வைத்திருந்தார்கள். குளிர்விக்கும் நீரில் மிஞ்சிய வெப்பத்தை வீணாக்காமல், 1950 முதல் ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு மறுகரையில் பிம்லிகோவில் இருந்த சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்புகளுக்கு வெந்நீராக அனுப்பினார்கள். மின்நிலையம் நின்ற பிறகும் அந்த வெப்ப வலையமைப்பு தனிக் கொதிகலன்களோடு ஓடுகிறது. 1964 ஏப்ரல் 20 அன்று இங்கே பிடித்த தீயால் மேற்கு லண்டனில் மின்சாரம் போய், அன்றிரவு தொடங்க வேண்டிய பிபிசி 2 மறுநாள்தான் தொடங்கியது.

'ஏ' 1975இல் மூடியது, 'பி' 1983 அக்டோபர் 31இல். அதற்கு முன்பே, 1980இல், கட்டடம் கிரேடு 2 பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. 2007இல் ஒரு படி உயர்ந்து கிரேடு 2 ஸ்டார் ஆனது. பேங்க்சைட் பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை. பட்டியலில் இருந்தது 39 ஆண்டு அவதிப்பட்டது, இல்லாதது 19 ஆண்டில் கரையேறியது. இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் பட்டியல் செய்வது ஒரே வேலை: இடிக்கவிடாமல் தடுப்பது. ஒழுகும் இடத்தில் ஒரு ஓடுகூட அது போட்டுத் தராது.

இனி கூரைக் கதை. ஆல்டன் டவர்ஸ் பொழுதுபோக்குப் பூங்காவை நடத்திய ஜான் புரூம், பேட்டர்ஸீயையும் அப்படியே மாற்றுவதாகத் திட்டம் போட்டார். ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வருவார்கள் என்பது கணக்கு. 1987இல் இடத்தை வெறும் 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். உள்ளே இருந்த இயந்திரங்களை வெளியே எடுக்க வேண்டும். அதற்காகக் கூரையின் பெரும்பகுதி போனது. 3.5 கோடி பவுண்டில் முடியும் என்று போட்ட மதிப்பீடு 1989 ஜனவரிக்குள் 23 கோடிக்கு ஏறியது. மார்ச்சில் வேலை நின்றது.

அந்தக் காலத்து அனல் நிலையங்களில் கொதிகலனுக்கும் நீராவிக் குழாய்க்கும் சுற்றியிருப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்); தூசி மூச்சில் போனால் ஆபத்து. அதை எடுக்க ஒவ்வொரு பகுதியையும் மூடி, காற்றழுத்தத்தைக் குறைத்து, ஈரப்படுத்தி, மூட்டை கட்டி அனுப்ப வேண்டும். பிரித்துப் பார்க்கும்வரை எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. அதனால் இப்படிப்பட்ட கட்டடத்துக்கு முதல் மதிப்பீடு போடுபவர் பெரும்பாலும் ஊகத்தில்தான் போடுகிறார். இயந்திரத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தரைமட்ட வாசல் வழியாக எடுத்தால் மாதங்கள் கூடும், கூலி கூடும். ஆனால் கூரை மிஞ்சும். மேலே திறந்து கிரேனில் தூக்குவது வேகம். நாளை பணம் நின்றுபோனாலும் இந்தக் கட்டடம் மழையைத் தாங்குமா என்று அவசரத்தில் யாரும் கேட்பதில்லை.

கூரை போனால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மழை பெய்யும், நனையும்' என்பதோடு அது நிற்பதில்லை.

முதலில், கூரைச் சட்டகம் மழையை மட்டும் தடுப்பதில்லை. 50 மீட்டர் உயரச் சுவர்களின் தலைகளை ஒன்றோடொன்று பிணைப்பதும் அதுதான். அதைக் கழற்றினால் காற்றின் தள்ளலைச் சுவர் தனியாக வாங்குகிறது. இரண்டாவது, நீர் இறங்கும் பாதை. செங்கல் சுவருக்குள் புதைந்த இரும்புத் தூணுக்கும் செங்கலுக்கும் இடையில் அந்தக் காலத்தில் சாந்தை அடைத்துவிடுவார்கள். மேலிருந்து வரும் நீர் அந்த அடைப்பில் ஊறி நிற்கும், காயாது. இரும்பு துருவாகும்போது தன் பழைய கனத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். எங்கே போகும்? செங்கலைத் தள்ளும். தூண், உத்தரம் இருக்கும் கோட்டிலேயே நேராக ஒரு விரிசல் வெளியில் தெரிந்தால் அது அஸ்திவாரம் இறங்கிய விரிசல் அல்ல, உள்ளே இரும்பு ஊதியிருக்கிறது என்று அர்த்தம். படிக்கட்டு மாதிரி சாந்து மூட்டுகளில் ஏறி இறங்கும் விரிசலைத்தான் பெரும்பாலும் அஸ்திவாரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய ஆலைக் கட்டடங்களில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவையில்லாமல் அஸ்திவாரத்தைத் தோண்டியவர்கள் உண்டு.

மூன்றாவது, நீர் கடைசியில் தேங்கும் இடம். தூண்களின் அடித்தகடும் அதை இறுக்கிய போல்ட்டும் இருக்கும் குழிகள்தான் எப்போதும் முதலில் அழுகும். ஆற்றோரக் கட்டடம், கீழ்த்தளத்தில் குளிர்நீர்ச் சுரங்கங்கள், டர்பைன் பீடங்கள்; பம்பு ஓடாமல் விட்டால் எல்லாம் குளம். பேட்டர்ஸீயில் அஸ்திவாரம் வெள்ளக்காடானது இப்படித்தான்.

இதைச் சரிசெய்யும் முறையில் குறுக்குவழி இல்லை. சாரம் கட்டி, விரிசல் கோட்டில் செங்கலை வெட்டி எடுத்து, இரும்பைத் துருவின்றி வெள்ளையாகச் சுரண்டி, தகடு மெலிந்த இடத்தில் புதுத் தகடு பற்றவைத்து அல்லது போல்ட் போட்டு, பூச்சு அடித்து, இரும்புக்கும் செங்கலுக்கும் நடுவே இடைவெளி விட்டு, எஃகுப் பிடிப்பான்களோடு திரும்பக் கட்ட வேண்டும். செங்கலை எடுக்கவே முடியாத இடங்களில், சுவருக்குள் சிறு மின்வாய்களைப் பதித்து மெல்லிய மின்னோட்டம் கொடுத்துத் துருவை அடக்கும் முறை உண்டு. அது ஒருநாள் வேலை அல்ல. கட்டடம் இருக்கும்வரை அந்த மின்சாரத்தைக் கண்காணிக்க ஆள் வேண்டும்.

புரூமுக்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1993இல் விக்டர் ஹ்வாங்கின் பார்க்வியூ நிறுவனம் 1 கோடி பவுண்டுக்கு இடத்தை எடுத்தது. 13 ஆண்டு, பல கட்டடக் கலைஞர்கள், பல வரைபடங்கள். மின்நிலையத்துக்குக் கூரை வரவில்லை. 2006இல் 40 கோடி பவுண்டுக்கு அயர்லாந்தின் ரியல் எஸ்டேட் ஆப்பர்ச்சுனிட்டீஸுக்குக் கைமாறியது. கட்டடக் கலைஞர் ரஃபேல் வினியோலி போட்ட திட்டத்தில் முதலில் 300 மீட்டர் கண்ணாடிக் கோபுரம் ஒன்று இருந்தது. அதைக் கைவிட்டுத் திருத்திய திட்டத்துக்கு 2010இல் அனுமதி கிடைத்தது. 2011 கடைசியில் வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்க, கடனைக் கட்ட முடியாத நிறுவனங்களுக்கு நியமிக்கப்படும் நிர்வாகியின் கைக்கு அது போனது. 2012இல் மலேசியாவின் எஸ்.பி. செத்தியா, சைம் டார்பி, ஊழியர் சேமநிதி வாரியம் ஆகிய மூன்றும் சேர்ந்து, அதே 40 கோடிக்கு வாங்கின.

இந்த எண்களை வரிசையாகப் பாருங்கள்: 15 லட்சம், 1 கோடி, 40 கோடி. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகிக்கொண்டே போக, விலை ஏறிக்கொண்டே போனது. ஏறியது கட்டடத்தின் விலை அல்ல, சுற்றியிருந்த நிலத்தின் விலை. கட்டடம் அந்த நிலத்தோடு ஒட்டி வரும் ஒரு கடமை; யானையைக் கட்டித் தீனி போடுவது மாதிரி. இடிக்கவும் முடியாது, பட்டியலில் இருக்கிறது. செப்பனிடும் செலவோ மிகப் பெரிது. ஆக ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் மிக லாபமான வழி, அனுமதி வாங்கி, விலை ஏற்றி, அடுத்தவர் தலையில் கட்டுவது. இதில் சதி தேடத் தேவையில்லை, கணக்குப் போட்டாலே போதும்.

கணக்கு மாறியது இரண்டு விஷயத்தால். முதலில் சுற்றியுள்ள குடியிருப்புகளைக் கட்டுமுன்பே விற்று, அந்தப் பணத்தின் தெம்பில் மின்நிலையத்தைத் தொட்டார்கள். முதல் கட்ட வீடுகளுக்கு ஆட்கள் 2017இல் குடிவந்தார்கள்; மின்நிலையம் இரண்டாம் கட்டம்தான். அடுத்தது ரயில். நார்தர்ன் லைன் பாதாள ரயிலை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீட்டி, 2021 செப்டம்பரில் மின்நிலையத்தின் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். செலவு 100 கோடி பவுண்டுக்கு மேல். அதில் ஒரு பங்கு மனை உரிமையாளர்களிடமிருந்து வந்தது. ரயில் இல்லாமல் அங்கே ஆயிரக்கணக்கானவர் வந்துபோகும் அலுவலகம் சாத்தியமே இல்லை. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: 2017இல் செலவு கூடியதைக் காட்டி, குறைந்த வாடகை வீடுகளின் எண்ணிக்கையை 636லிருந்து 386ஆகக் குறைக்க அந்தப் பகுதியின் உள்ளாட்சியான வாண்ட்ஸ்வொர்த் மன்றம் ஒத்துக்கொண்டது. பழைய கட்டடத்தைக் காப்பாற்றிய பணத்தில் ஒரு பகுதி அந்த 250 வீடுகளிலிருந்து வந்தது என்பதை, மினுமினுக்கும் படங்களைப் பார்க்கும்போது மறக்கக்கூடாது.

புகைபோக்கிகளுக்கு வருவோம். இப்போது நிற்கும் நான்கும் புதியவை. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப்பேர் 'அப்படியென்றால் எதற்குப் பாதுகாப்பு?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

கம்பி போட்ட கான்கிரீட் நிலைத்திருப்பது அதன் காரத்தன்மையால். புதுக் கான்கிரீட்டின் பிஎச் 12க்கு மேல் இருக்கும். அந்தச் சூழலில் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உள்ளே இறங்கி அதை 9க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் கம்பிக்குக் காவல் போய்விடுகிறது. கம்பிக்கு வெளியே அதை மூடும் கான்கிரீட் (கவர்) எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பதைப் பொறுத்து இதற்குப் பத்து ஆண்டோ நூறு ஆண்டோ ஆகும். மெல்லிய சுவர் கொண்ட 1930களின் குழாயில் கவர் தாராளமாக இருக்காது. இது வெளிப்பக்கத் தாக்குதல். உள்பக்கம் முன்பு சொன்ன கந்தக ஈரம்: அது சிமெண்டோடு சேர்ந்து உப்பாகி, பருத்து, கான்கிரீட்டை அடுக்கடுக்காக உதிர்க்கும். சோதிப்பது எளிது. துளையிட்டு எடுத்த கான்கிரீட் துண்டின் மேல் பினால்ப்தலீன் தெளித்தால் காரம் மிஞ்சிய இடம் இளஞ்சிவப்பாகும், போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டியிருந்தால் வெறும் பூச்சு வேலை உதவாது.

சிக்கல் இதுதான்: எவ்வளவு கெட்டிருந்தால் இடிக்கலாம்? பார்க்வியூ காலத்தில் இடித்துக் கட்டுவது ஒன்றே வழி என்றார்கள். பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் அமைப்புகளான உலக நினைவுச்சின்ன நிதியமும் இருபதாம் நூற்றாண்டுச் சங்கமும் தனிப் பொறியாளர்களை வைத்து, நின்ற இடத்திலேயே செப்பனிட முடியும் என்று அறிக்கை கொடுத்தன. எனக்குத் தொழில்நுட்ப வாதத்தைவிட அவர்களுடைய பயம்தான் பெரிதாகப் படுகிறது: நான்கையும் இடித்துவிட்டுப் பணம் தீர்ந்துபோனால்? கூரை விஷயத்தில் அதுதானே நடந்தது. அந்த அனுபவத்தால்தான், கடைசியில் அனுமதி தரும்போது, திரும்பக் கட்டுவதற்கான பணத்துக்கு உத்தரவாதம் வாங்கிக்கொண்டார்கள். நான்கையும் ஒரேயடியாக இடிக்க விடாமல் தென்மேற்குப் புகைபோக்கியில் முதலில் கை வைக்கச் சொன்னார்கள். 2014இல் தொடங்கி 2017இல் நான்கும் எழுந்து முடிந்தன. பழைய வரைபடத்தின் அளவுகளிலேயே, ஒரு வளையம் வார்த்து அது இறுகியதும் சென்ட்ரிங்கை மேலேற்றி அடுத்த வளையம் வார்க்கும் முறையில் கட்டினார்கள். மேலே போகப் போகக் குழாய் குறுகுவதால் ஒவ்வொரு வளையத்துக்கும் சென்ட்ரிங்கின் சுற்றளவைச் சுருக்க வேண்டும். அதில் பிசகினால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக்கூடக் கோணல் தெரிந்துவிடும். தரையிலிருந்து உச்சி ஏறத்தாழ 103 மீட்டர்.

பழைய பொருள் போய்விட்டது, வடிவம் மிஞ்சியது. வானத்தில் தெரியும் உருவத்துக்காகவே அறியப்பட்ட கட்டடத்தில் இது ஏற்கக்கூடிய பேரம் என்பது என் கணிப்பு. கட்டுப்பாட்டு அறையில் இதையே செய்திருந்தால் ஏற்க முடியாது.

செங்கல் விஷயத்தில் நல்ல வேலை நடந்திருக்கிறது. தேவைப்பட்டது 17.5 லட்சம் புதுச் செங்கல். முதலில் செங்கல் கொடுத்த சூளைகளில் இரண்டு, குளோஸ்டர்ஷையரின் நார்த்காட்டும் ஷ்ராப்ஷையரின் பிளாக்லீஸும், இன்னும் தொழிலில் இருந்தன, அவற்றிடமே வாங்கினார்கள். எதற்கு இத்தனை மெனக்கெடல் என்று கேட்கலாம். மூன்று காரணம். நிறம்: பழைய சூளையில் ஒரே சுடுதலில் வெளிறியதும் கருகியதும் கலந்து வரும், இன்றைய சுரங்கச் சூளையில் எல்லாம் ஒரே நிறம், ஒட்டுப்போட்ட இடம் பல்லிளிக்கும். அளவு: இன்றைய பிரிட்டிஷ் செங்கலின் உயரம் 65 மில்லிமீட்டர். அங்குலக் காலத்துச் செங்கல் அதைவிட 2 மில்லிமீட்டர் உயரமாக இருந்தாலே, பத்து வரி கட்டுவதற்குள் 20 மில்லிமீட்டர் வித்தியாசம். பழைய வரியோடு புது வரி சேராது. சாந்தைத் தடிமனாக்கிச் சமாளித்தால் அது தழும்பு மாதிரித் தெரியும். மூன்றாவது, நீர் உறிஞ்சும் அளவு: பழைய செங்கலும் புதுசும் ஒரே வேகத்தில் ஈரம் வாங்கிக் காயாவிட்டால், மூட்டுகளில் உப்புப் பூக்கும், பனிக்காலத்தில் முகம் உதிரும்.

இப்போது பேங்க்சைட்டோடு ஒப்பிடலாம். டேட்டின் கைக்கு வந்தபோது அதன் கூரை இருந்தது, இயந்திரங்களும் உள்ளேயே இருந்தன. ஆனால் அதைவிட முக்கியம், அங்கே கேட்ட பயனும் இருந்த கட்டடமும் பொருந்திப்போனது. கலைக்கூடத்துக்கு வேண்டியது சன்னல் குறைந்த பெரிய சுவர், கட்டுக்குள் இருக்கும் வெளிச்சம், கனமானவற்றைத் தாங்கும் தரை, ஒரு பிரம்மாண்ட வெற்றிடம். மின்நிலையம் அதைத்தான் வைத்திருக்கிறது. கட்டடக் கலைஞர்கள் ஹெர்சாக், டி மியூரான் இருவரும் 155 மீட்டர் நீள டர்பைன் கூடத்தை வெறுமையாக விட்டு, கொதிகலன் பக்கத்தில் மட்டும் தளங்களைச் செருகினார்கள். மேலே ஓடும் கிரேன்களை விட்டுவைத்தார்கள். சிற்பங்களைத் தூக்க உதவின. தெற்குப் பகுதியில் துணைமின்நிலையம் தொடர்ந்து ஓட, வடக்கே கலைக்கூடம் திறந்தது. நிலையத்தின் பழைய எண்ணெய்த் தொட்டிகள் கலைக்கூடத்தோடு சேர 2012 வரை காத்திருந்தன. முதல் கட்டச் செலவு 13.4 கோடி பவுண்டு, அதில் 5 கோடி லாட்டரி நிதி. ஒரே உரிமையாளர், தெளிவான ஒரே தேவை.

பேட்டர்ஸீயில் வைக்க வேண்டியிருந்தது கடை, அலுவலகம், வீடு. மூன்றில் பின்னிரண்டுக்கும் சன்னல் வேண்டும். சன்னல் வழியாக வெளிச்சம் உருப்படியாக உள்ளே வருவது ஆறேழு மீட்டர்தான். கொதிகலன் கூடமோ அதைப்போலப் பல மடங்கு அகலம், தளமே இல்லாத பள்ளம். ஆகவே வில்கின்சன் ஏர் என்ற கட்டடக் கலை நிறுவனம் கூடத்துக்குள் புதிதாக ஆறு தளங்களை நிறுத்தி, நடுவே முற்றம் மாதிரித் திறந்து, மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சத்தை இறக்கியது. ஏறத்தாழ 5 லட்சம் சதுர அடி அலுவலகம், குடிவந்தது ஆப்பிள். டர்பைன் கூடங்கள் இரண்டும் கடைத்தெரு. புகைபோக்கிகளைச் சுற்றியும் பக்கவாட்டிலும் 254 வீடுகள். மின்நிலையக் கட்டடம் மட்டும் பிறகு ஏறக்குறைய 158 கோடி பவுண்டுக்கு அதே மலேசிய வட்டத்துக்குள் கைமாறியது. நீண்ட காலம் வைத்திருந்து வாடகை வாங்கும் நிதியங்களின் கைக்குப் போனதை நல்லது என்றுதான் சொல்வேன். விற்றுவிட்டுப் போகிறவருக்குக் கழிவுநீர்க் குழாயைப் பற்றிக் கவலை இருக்காது.

இப்படிப்பட்ட கட்டடத்தை, மின்நிலையமோ பஞ்சாலையோ, யாராவது கையில் எடுத்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டியது. திட்டம் போடும் முன்பே கூரை, கூரைநீர் ஓடும் கால்வாய், மழைநீர்க் குழாய் இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள்; அடைத்துக்கொண்ட ஒரு உள்கால்வாய் பத்து ஆண்டில் செய்யும் சேதத்தை எந்த ஓவியரின் வரைபடமும் ஈடுகட்டாது. கீழ்த்தளத்தில் பம்பு ஓட வேண்டும், அதற்கு மின் இணைப்பைத் துண்டிக்காமல் வைத்திருக்க வேண்டும். இரும்பைச் சோதிக்க நடுத்தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள்; கைப்பிடிச் சுவர் ஓரம், கால்வாய்க்கு அடியில் இருக்கும் உத்தரம், தூணின் அடி, இந்த மூன்று இடத்திலும் திறந்து பாருங்கள். டர்பைன் பீடங்களை உடைக்கத் திட்டமிட்டிருந்தால் வேண்டாம். அவை மலை மாதிரிக் கான்கிரீட், அவற்றைச் சுற்றியே தளம் அமைப்பது மலிவு. மின்மாற்றி இருந்த தரையில் எண்ணெய் இறங்கியிருக்கும், மண்ணைச் சோதியுங்கள். வெளியே தெரியும் இரும்பு அழகாக இருக்கிறது என்று அப்படியே விட முடியாது: ஆட்கள் தங்கும் இடமாக மாறும்போது தீயை ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்க வேண்டும், சூட்டில் நுரைத்துப் பருக்கும் பூச்சு அடித்தால் ரிவெட்டுகளும் தெரியும், சட்டமும் திருப்தியாகும். குளிர்நாடுகளில் இன்னொரு பொறி உண்டு. செங்கல் சுவருக்கு உள்பக்கமாக வெப்பக்காப்பு ஒட்டினால் வீட்டுக்குள் கதகதப்பு, ஆனால் சுவர் முன்பைவிடக் குளிர்ந்து ஈரமாகவே நிற்கும். அதற்குள் இரும்பு இருந்தால் துரு மறுபடி தொடங்கும். எவ்வளவு தடிமன் போடலாம் என்பதைக் கணக்கிடாமல் 'எவ்வளவு முடியுமோ அவ்வளவு' போட்டு, சில ஆண்டில் பிரித்தெடுக்கும் வேலைகள் நடக்கின்றன.

லண்டன் போகிறவர்கள் நேராகக் கடைகளுக்குள் நுழையாமல், முதலில் மேற்கு டர்பைன் கூடத்தில் நின்றுவிட்டுப் பிறகு கிழக்குக் கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். மேற்கு 1930கள்: வரிவரியாகக் குழிந்த, பளபளக்கும் ஓடு பதித்த தூண்கள், காசு இருந்த காலம். கிழக்கு போருக்குப் பிந்தியது: அதே அளவு, அலங்காரம் வற்றிவிட்டது. கட்டுப்பாட்டு அறைகளிலும் இதே கதை. 'ஏ' அறையில் இத்தாலியப் பளிங்கு. விழாக்களுக்கு மட்டும் திறக்கிறார்கள். 'பி' அறையில் துருப்பிடிக்காத எஃகு. அது இப்போது மதுக்கூடம், யார் வேண்டுமானாலும் போய் அந்தப் பழைய டயல்களுக்கு முன்னால் உட்காரலாம். வடமேற்குப் புகைபோக்கிக்குள் வட்டமான கண்ணாடி லிப்ட் ஒன்று 109 மீட்டர் வரை ஏறி உச்சிக்கு மேலே தலையை நீட்டுகிறது. வெளியே வந்து சுவரைப் பார்க்கும்போது வெயில் சாய்ந்த நேரமாக இருந்தால் நல்லது. புதுச் செங்கல் எங்கே தொடங்குகிறது என்று தேடினால், பெரும்பாலான இடங்களில் கண்டுபிடிக்க முடியாது.